அசுவினி தின்னும் குட்டி ஈ: புட்டியில் என்ன வருகிறது, காசுக்குத் தகுமா?

கண்ணாடிக் குடிலில் குடைமிளகாயோ கத்தரியோ வளர்க்கிறவர் அசுவினி (இலைச்சாறு உறிஞ்சும் செடிப்பேன்) வந்துவிட்டது என்று சொன்னால், உயிரியல் கட்டுப்பாட்டுச் சரக்கு விற்பவர்கள் முதலில் ஒட்டுண்ணிக் குளவியைக் காட்டுவார்கள். அடுத்து காட்டுவது இந்த ஈயை. அறிவியல் பெயர் அஃபிடோலெட்டஸ் அஃபிடிமைசா. நெதர்லாந்தின் கோப்பர்ட் நிறுவனம் இதை ‘அஃபிடெண்ட்’ என்று விற்கிறது; மற்ற ஐரோப்பிய, வட அமெரிக்க நிறுவனங்களிடம் வேறு பெயர்களில் கிடைக்கும். லேபிள் எதுவானாலும் உள்ளே இருக்கும் இனம் ஒன்றுதான். அதனால் இங்கே புட்டியைவிடப் பூச்சியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. அசுவினி திட்டுத் திட்டாகக் குவிந்துவிட்ட குடிலுக்கு இது அருமையான சரக்கு. அசுவினி வருமுன்பே காவலுக்கு வைக்கலாம் என்று வாங்கினால் காசு தண்டம்.

மூடியைத் திறந்தால் முதலில் ஏமாற்றம்தான் வரும். லேசான ஈரத்தோடு வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள் இருக்கும், வேறெதுவும் கண்ணில் படாது. ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளத்தில், மேலெல்லாம் துகள் ஒட்டிய, பழுப்பு நிற நீள்வட்டக் கூடுகள் தெரியும். அவைதான் கூட்டுப்புழுக்கள். வந்து சேரும்போதே ஓரிரண்டு ஈ பொரித்து மூடியின் உட்புறம் ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம், சரக்கு முதிர்ந்திருக்கிறது என்று பொருள். மூடியடியில் செத்த ஈ குவிந்திருந்தாலோ, துகள் உலர்ந்து தூசியாய்ப் பறந்தாலோ, வழியில் வெயிலில் கிடந்திருக்கிறது. படம் எடுத்து அன்றைக்கே விற்றவருக்கு அனுப்புங்கள்.

சந்தேகமாக இருந்தால் சோதிப்பது சுலபம். ஐம்பது கூடுகளை எண்ணி, ஈரத் தாள் விரித்த கண்ணாடிக் குப்பியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, 20 முதல் 22 டிகிரியில் நிழலில் வையுங்கள். ஒரு வாரத்தில் நூற்றுக்கு எழுபதாவது வெளிவர வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஈயை எண்ணத் தேவையில்லை, பறந்து தொல்லை கொடுக்கும். பொரித்த கூட்டின் நுனியில் வெள்ளையான காலிச் சட்டை நீட்டிக்கொண்டிருக்கும், அதை எண்ணினால் போதும்.

வெளிவரும் ஈ 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். குட்டிக் கொசு என்றே யாரும் நினைப்பார்கள். மெலிந்த உடல், அளவுக்கு மீறி நீண்ட கால்கள், கணுக்கணுவான உணர்கொம்புகள். இறக்கையில் நரம்புகள் மிகக் குறைவு, மேற்பரப்பிலும் விளிம்பிலும் நுண்மயிர். ஆணையும் பெண்ணையும் கொம்பை வைத்தே பிரிக்கலாம்: ஆணுக்கு அது நீண்டு பின்னோக்கி வளைந்து, கணுதோறும் நீள மயிரோடு இருக்கும், பெண்ணுக்குக் குட்டை, மயிரும் அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. பகலில் இலைக்கூட்டத்தின் அடி நிழலில் பதுங்கிக் கிடக்கும். அந்தி சாய்ந்த பிறகுதான் நடமாட்டம். ஈயாக இருக்கும்வரை அது அசுவினியைக் கடிப்பதே இல்லை. அசுவினி கழிக்கும் தேன்கசிவைக் குடித்து ஒரு வாரம், பத்து நாள் வாழும். வேட்டையெல்லாம் புழுவின் வேலை.

முட்டை பளபளப்பான ஆரஞ்சு நிறம், 0.3 மில்லிமீட்டர் நீளம், 0.1 அகலம். அசுவினிக் கூட்டத்தின் நடுவே ஒன்றும் சிலவுமாக வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும் புழுவுக்குக் கால் கிடையாது, தலை இருக்கும் இடமே சட்டென்று தெரியாது. வளர்ந்த புழு 2.5 முதல் 3 மில்லிமீட்டர், ஆரஞ்சிலிருந்து சிவப்பு வரை நிறம் மாறும், தின்ற அசுவினியைப் பொறுத்துப் பழுப்பாகவும் இருக்கும்.

இந்தப் புழு வேட்டையாடுவதை லென்ஸ் வழியே ஒருமுறை பார்த்துவிட்டால் போட்ட காசு பெரிதாகத் தெரியாது. அசுவினி தன் ஊசிவாயை இலை நரம்பில் குத்திச் சாறு உறிஞ்சிக்கொண்டு அசையாமல் நிற்கும். புழு கீழே ஊர்ந்து வந்து அதன் கால் மூட்டில் வாயை வைக்கும். விஷம் ஏறியதும் அசுவினி செயலிழந்துவிடும். உதறவும் முடியாது, ஓடவும் முடியாது. பிறகு உள்ளே இருப்பதை எல்லாம் உறிஞ்சிவிட்டு அடுத்ததற்கு நகரும். செத்த அசுவினி கீழே விழாமல், குத்திய ஊசிவாயிலேயே தொங்கி, பழுப்பாகிக் கறுத்துச் சுருங்கும். ஒரு புழு முழு வளர்ச்சி அடைய ஏழெட்டு அசுவினி கிடைத்தாலே போதும். நிறையக் கிடைத்தால் 50க்கு மேலும் கொல்லும். கூட்டம் நெருக்கமாக இருந்தால் தின்ன முடியாததையும் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். அதனால் கறுத்த அசுவினிகளைக் கண்டு ‘ஏதோ நோய்’ என்று மருந்தடிக்க ஓடாதீர்கள், அந்த இலையைத் திருப்பி ஆரஞ்சுப் புழு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடையாளக் குழப்பம்தான் இந்தச் சரக்கின் பெரிய வில்லங்கம். ஈரத் தொட்டிமண்ணில் பெருகும் பூஞ்சை ஈயும் இதே அளவுதான். ஆனால் அது கறுத்த உடல், இறக்கையில் இரண்டாகப் பிரியும் நரம்பு பளிச்சென்று தெரியும், பகலிலேயே மண்ணைச் சுற்றிப் பறக்கும். அதன் புழு வெள்ளை உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையுமாக மண்ணுக்குள் இருக்கும். அசுவினிக் கூட்டத்துக்குள் ஆரஞ்சாக ஒன்று ஊர்ந்தால் அது பூஞ்சை ஈயின் புழு அல்ல. மலர் ஈயின் புழுவும் அசுவினி தின்னும். அது வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், முன்பக்கம் கூம்பியிருக்கும், பச்சையோ பழுப்போ கலந்திருக்கும். இன்னொன்று, சிலந்திப்பேன் தின்னும் ஃபெல்டியெல்லா அகாரிசூகா. அதுவும் இதே குடும்பம், அதுவும் புட்டியில் விற்பனைக்கு உண்டு. அதன் வெள்ளைக் கூடு இலையின் அடியில் நரம்போரம் ஒட்டியிருக்கும். நம்முடையது கூடு கட்ட மண்ணுக்கு இறங்கிவிடும். ஆர்டர் போடும்போது பெயர் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் என்றதும் நெல் பயிரிட்ட கைகளுக்கு ஒரு பழைய பகை ஞாபகம் வரலாம். நெற்பயிரின் தூரில் வெள்ளிக் குழல் போலக் கிளப்பிவிடும் ஆனைக்கொம்பன் ஈயும் இந்த ஈயும் ஒரே குடும்பம்: இருசிறகிப் பூச்சிகளில் செசிடோமையிடே. அந்தக் குடும்பத்தில் பெயரிடப்பட்ட 6,000க்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை செடியைத் தின்று கொப்புளமோ முடிச்சோ உண்டாக்குபவை. அதிலிருந்து கிளைத்து மற்ற பூச்சிகளை வேட்டையாடப் போன சின்னக் கூட்டத்தில் அஃபிடோலெட்டஸ் ஒன்று. இனத்தை 1847இல் விவரித்தவர் இத்தாலியரான காமில்லோ ரொண்டானி. பழைய கட்டுரைகளில் ஃபெனோபிரெமியா அஃபிடிமைசா என்று கண்டால் அதுவும் இதுவேதான். வெவ்வேறு பெயர்களில் சிதறிக் கிடந்த அசுவினி தின்னும் ஈக்களை 1973இல் கே. எம். ஹாரிஸ் ஒழுங்குபடுத்திய பிறகு குழப்பம் பெருமளவு தீர்ந்தது. 1970களின் இறுதியிலேயே பின்லாந்துக் குடில்களில் இது புழக்கத்துக்கு வந்துவிட்டது.

இனி, விடும் முறை. முதல் விதி, சேமித்து வைக்காதீர்கள். கட்டாயமானால் 10 முதல் 15 டிகிரியில் இருட்டில் ஒன்றிரண்டு நாள் தாங்கும், குளிர்பெட்டியின் கடுங்குளிர் ஆகாது. மாலையில், அசுவினி பிடித்த செடியின் அடியில், நிழலில், துகளைச் சிறு குவியலாகக் கொட்டுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். மெல்லிசாகத் தூவினால் காய்ந்து, கூட்டுக்குள்ளேயே செத்துப்போகும். குவியல் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சொட்டுநீர்க் குழாய்க்கு நேரே வைத்து ஊறவைக்கக் கூடாது. எறும்பு வராத இடமாகப் பாருங்கள். எறும்பு அசுவினியையும் காக்கும், கூட்டையும் தூக்கிக்கொண்டு போகும். எல்லாம் ஒரே நாளில் பொரிக்காது என்பதால் ஒரு வாரம் தாண்டும்வரை குவியலைக் கலைக்க வேண்டாம்.

அளவு: லேசான தாக்குதலுக்குச் சதுர மீட்டருக்கு 1, கடுமையாக இருந்தால் 10. வார இடைவெளியில் மூன்று முறையாவது விட வேண்டும். 12 சதுர மீட்டர் குடிலுக்குக் கடுமையான கணக்குப் போட்டாலும் ஒரு தடவைக்கு 120தான் வரும். ஆயிரம் அடங்கிய புட்டியை வாங்கி மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வைத்தால் வீண். லண்டனிலும் டொரான்டோவிலும் வீட்டுப் பின்புறக் குடிலில் மிளகாய் வளர்க்கும் நம்மவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதே சிக்கனம். மிகக் குறைவாக, பத்துப் பதினைந்தை மட்டும் பல மூலைகளில் பிரித்து விடுவதும் வேண்டாம். இந்த இனத்தில் ஒரு பெண் ஈ இடும் முட்டைகள் எல்லாம் ஆணாகவே இருக்கும், இல்லையென்றால் எல்லாம் பெண்ணாகவே இருக்கும். சிறு கூட்டமாக இருந்தால் அடுத்த தலைமுறைக்கு ஜோடி கிடைக்காமல் போய்விடும். ஒரே இடத்தில் ஒரே குவியலாக விடுங்கள், வாசனை பிடித்துப் பெண் ஈ தானே தேடிப் போகும்.

சிலந்தி வலைகளையும் துடைப்பத்தால் தட்டி எறியாதீர்கள். இந்த ஈக்கள் வலையின் இழையில் மாட்டிக்கொள்ளாமல் தொங்கி ஓய்வெடுக்கும், இணை சேருவதும் பெரும்பாலும் அங்கேதான். குடிலைப் பளிச்சென்று வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

‘விட்டேன், முதல் தடவை வேலை செய்தது, பிறகு காணோம்’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் தரைதான் காரணம். வளர்ந்த புழு செடியிலிருந்து கீழே விழுந்து, மண்ணின் மேல் ஓரிரு சென்டிமீட்டருக்குள் கூடு கட்டும். சிமெண்டுத் தரை, பிளாஸ்டிக் விரிப்பு, மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்கும் உறையிட்ட பாறைக்கம்பளித் துண்டு என்றால் விழுந்த புழு உலர்ந்து சாகும். செடிக்கடியில் ஈரமான தேங்காய் நார்த்தூளோ கரிமண்ணோ நிரப்பிய தட்டுகள் வைத்தால் ஓரளவு மீளும். இல்லையேல் வாராவாரம் புதுப் புட்டி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை ஈக்காக மண்ணில் ஸ்டெய்னெர்நீமா நூற்புழு ஊற்றியிருந்தாலும், மண்ணில் வாழும் வேட்டைப்பேன் விட்டிருந்தாலும் கூட்டுக்குள் இருப்பது இரையாகக்கூடும். அவற்றையும் ஈ விடுவதையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள்.

அடுத்த காரணம் பருவம். பகல் நேரம் 15, 16 மணிக்குக் கீழே குறைந்து குளிரும் சேர்ந்தால், மண்ணுக்குள் போன புழு கூட்டிலேயே உறங்கிவிடும், வசந்தத்தில்தான் எழும். வட நாடுகளில் செப்டம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வாங்கினால், இரவில் மங்கலான விளக்காவது எரிய வேண்டும். வெப்பம் 20 முதல் 25 டிகிரி தோது, காற்றில் ஈரப்பதம் நன்றாக இருக்க வேண்டும்.

பைரித்திராய்டு, நியோனிகோட்டினாய்டு வகை மருந்து சமீபத்தில் அடித்த குடிலில் விடவே வேண்டாம். எச்சம் வாரக்கணக்கில் நிற்கும். அசுவினி மிதமிஞ்சி இருந்தால் முதலில் சோப்புக் கரைசல் தெளித்து, உலர்ந்த பிறகு விடலாம். விட்டபின் தெளித்தால் புழுவும் சேர்ந்து சாகும்.

ஒட்டுண்ணிக் குளவியோடு ஒப்பிட்டால், குளவி அங்கொன்றும் இங்கொன்றுமான அசுவினியையும் தேடிப் பிடிக்கும், ஆனால் இனத்துக்கு இனம் வேறு குளவி வாங்க வேண்டும். இந்த ஈ அப்படிப் பாகுபாடு பார்ப்பதில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட அசுவினி இனங்களைத் தின்னும். இலையடியில் இருப்பது எந்த அசுவினி என்று தெரியாதவருக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு.

தமிழ்நாட்டுக்கு இதைத் தபாலில் தருவிக்க நினைக்க வேண்டாம். உயிருள்ள பூச்சி இறக்குமதிக்கு 2003ஆம் ஆண்டுப் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி வேண்டும். அங்கே அசுவினி தின்னும் பொறிவண்டும், கிரைசோபெர்லா என்ற கண்ணாடி இறக்கைப் பூச்சியும் இருக்கையில் அந்தப் பாடு தேவையும் இல்லை.

வாங்குகிற நாட்டில் இருப்பவர்கள் வார நடுவில் வந்து சேரும்படி ஆர்டர் போடுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பிய பெட்டி சனி ஞாயிறு கிடங்கில் வெந்துவிடும். அனுப்பிய தேதி புட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். தேதி போடாத விற்பனையாளரிடம் விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.