நாலு பேரிங்கும் புதுசு என்று பில். உள்ளே இருந்தது பழையதும் ஓர் ஆணியும் – வள்ள டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

7,400 ரூபாய் கொடுத்து, ‘பேரிங் 4, ஆயில் சீல் 2, கிரீஸ், கூலி’ என்று பில் வாங்கிய பதினோராம் நாள், எங்கள் வள்ள டிரெய்லரின் இடது வீல், கன்னியாகுமரி மாவட்டத்தில் மணக்குடிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் புகைந்தது. பாலத்தில் ஏறிய பிறகு அது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரி படுக்கும்போது ஓர்மை வருகிறது.

பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் அங்கே எனக்கு நடந்தது எந்தப் பட்டறையிலும் யாருக்கும் நடக்கலாம். அதைக் கண்டுபிடிக்கிற வழி எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை, இப்போது தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன், மச்சான், நான் மூன்று பேரும் சேர்ந்து தொழில் செய்கிறோம். பைபர் வள்ளம். ஆனி, ஆடியில் முட்டத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் கரையில் அலை தூக்கி அடிக்கும், வள்ளம் இறக்க முடியாது. தடைக்காலம் விசைப்படகுக்குத்தான்: கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளத்துக்குத் தடை கிடையாது. அதனால் அந்த இரண்டு மாதமும் கிழக்குக் கரையில் உள்ள சின்னமுட்டம் பக்கம் போய்த் தொழில் பார்ப்போம். வள்ளத்தைக் கொண்டுபோவதும் திருப்பிக் கொண்டுவருவதும் பிக்கப் வண்டிக்குப் பின்னால் பூட்டிய டிரெய்லரில்தான். ஒற்றை ஆக்சில், இரண்டு வீல். ஒவ்வொரு வீலின் நடுவில் உள்ள ஹப்புக்குள்ளும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்: உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. ஹப்பின் பின்பக்கம் தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையம்தான் சீல். வள்ளம், மிஷின், வலை எல்லாப் பாரமும் அந்த நாலு பேரிங்கில்தான் நிற்கிறது.

மே மாதக் கடைசியில் வலது வீலை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றினால் கரகரவென்று சத்தம். கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டேன். பட்டறைக்காரர் ஹப்பின் தொப்பியைத் தட்டிக் கழற்றி, கிரீஸை விரலால் தொட்டுப் பார்த்து, “பேரிங் நாலும் போச்சு அண்ணே. சீலும் மாத்தணும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க” என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கடல் தண்ணீரில் முங்கி எழுகிற வீல்; மூன்று வருசமாகப் பிரித்ததில்லை.

மறுநாள் போனேன். இரண்டு ஹப்புக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, டயரைத் துடைத்து வைத்திருந்தார்கள். மேசை மேல் நாலு காலிப் பெட்டி. “இதையும் வச்சிக்கிடுங்க அண்ணே, கணக்குக்கு ஆகும்” என்று கையில் கொடுத்தார். கேட்காமலே ஒரு தொப்பியைக் கழற்றியும் காட்டினார். உள்ளே நல்ல சிவப்பில் புதுக் கிரீஸ். “பழைய பேரிங் எங்க?” என்று கேட்டேன். “அது என்னத்துக்கு அண்ணே, இரும்புக் கடைக்குப் போட்டாச்சு” என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பைசாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 10ஆம் தேதி காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ராஜாக்கமங்கலம் தாண்டியதும் வண்டி இடதுபக்கம் இழுப்பதுபோல இருந்தது. காற்று என்று நினைத்தேன். ஜூன் மாதத்தில் எங்கள் கடற்கரை ரோட்டில் அடிக்கிற காற்று பாரவண்டியையே அசைக்கும். உப்பளம் தெரிகிற இடத்தில் மீன் டெம்போ ஒன்று பக்கத்தில் வந்து, டிரைவர் கையை வெளியே போட்டுக் கத்தினார்: “அண்ணே, பின்னால வீல் புகையுது! ஓரங்கட்டுங்க!”

இறங்கிப் பார்த்தால் கருகிய கிரீஸ் வாடை. இடது வீலின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நின்றது. மச்சான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான். சூடான வார்ப்பிரும்பில் பச்சைத்தண்ணி பட்டால் வெடித்துவிடும் என்று அண்ணன் தடுத்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் நின்றிருந்தது. ஓர் அக்காவும், பின்னால் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பிள்ளையும். வீல் கழன்று உருண்டிருந்தால் நேராக அவர்கள் மேல்தான் போயிருக்கும். அந்தப் பிள்ளையின் முகம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

பக்கத்து ஊரில் டிராக்டர் வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் வந்தார். ஹப் ஆறும்வரை காத்திருந்து தொப்பியைக் கழற்றினார். ஆக்சில் முனையில் வெட்டுப் போட்ட ஒரு நட் இருக்கும், காசில் நட் என்பார்கள். அது தானாகச் சுழன்று கழலாமல் இருக்க, குறுக்கே உள்ள துளையில் ஸ்பிளிட் பின் போட்டு வளைத்து விடுவார்கள். அந்தத் துளையில் பின் இல்லை. மரத்தில் அடிக்கிற இரண்டு இஞ்சு ஆணியைச் செருகி வளைத்திருந்தார்கள். மெக்கானிக் அதை உருவி என் உள்ளங்கையில் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. ஆணி சாதா இரும்பு. குலுக்கலில் தேய்ந்து அறுந்தால் நட் கழலும், அதற்குப் பிறகு வீலைப் பிடித்து வைக்க ஒன்றுமே இல்லை. ஒரு பின்னின் விலை பத்து ரூபாய்கூட வராது. மொத்தத்தில் என்னை அதிகம் வேதனைப்படுத்தியது இந்த ஆணிதான். பேரிங்கில் ஏமாற்றியது பைசாவுக்காக. இது, ரோட்டில் போகிறவன் செத்தாலும் சரி என்று விட்டது.

வெளிப்பேரிங்கின் கூடு கிழிந்து, உருளைகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. உள்பேரிங் ஆக்சில் தண்டோடு ஒட்டிக்கொண்டது. அடித்து எடுத்தபோது அதில் துரு குழி குழியாகத் தின்றிருந்தது. பட்டறையிலிருந்து வந்த பிறகு டிரெய்லர் தண்ணீரையே காணவில்லை. பதினோரு நாளில் வீட்டு முற்றத்தில் நின்ற வண்டியின் புது பேரிங்கில் எப்படிக் குழி விழும்?

“வலதுபக்கமும் பாத்துருவோம்” என்றார் மெக்கானிக். தொப்பிக்குள் ஒரு விரல் கனத்துக்கு அதே சிவப்புக் கிரீஸ். அதை வழித்து எடுத்தால் அடியில் பால் விட்ட காப்பி நிறத்தில் கூழ். உப்புத்தண்ணீர் கலந்த கிரீஸ் அப்படித்தான் இருக்கும், அதற்கு மசகு சக்தி கிடையாது. பின்பக்கத்துச் சீல் பழையதே, உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஆக, ஹப்பைப் பிரிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பிரித்திருக்கிறார்கள், பின்னைக் கழற்றும்போது அது முறிந்திருக்க வேண்டும், வேறு பின் தேடச் சோம்பல்பட்டு ஆணியைப் போட்டுப் பழையதை அப்படியே மூடிவிட்டார்கள். தொப்பியைக் கழற்றிக் காட்டுகிறவரை நம்பாதீர்கள். தொப்பிக்குள் தெரிகிற கிரீஸ் எதற்கும் சாட்சி இல்லை.

நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறைக்கு ஆக்சிலைக் கொண்டுபோனோம். அங்கே இருந்த பெரியவரிடம் அந்த நாலு காலிப் பெட்டியையும் காட்டினேன். கையில் வாங்கியதுமே சொன்னார்: “நாலுலயும் ஒரே நம்பர் போட்டுருக்கே மக்கா. உன் ஆக்சிலுக்கு இது சேராதே.”

அவர் சொல்லித் தந்த கணக்கு இது. எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். பேரிங் நம்பரின் கடைசி இரண்டு எண்ணை 5ஆல் பெருக்கினால் உள்துளையின் அளவு மில்லிமீட்டரில் வரும். 04க்கு மேல் உள்ள சாதாரண நம்பர்களுக்கு இது பொருந்தும். 30206 என்றால் 06 × 5 = 30 மில்லி. 30207 என்றால் 35 மில்லி. எங்கள் ஆக்சிலில் வெளிப்பேரிங் 30206, உள்பேரிங் 30207. என் கையிலிருந்த நாலு பெட்டியும் 30206. முப்பது மில்லி துளை உள்ள பேரிங் முப்பத்தைந்து மில்லி தண்டில் எப்படி ஏறும்? வேறு யார் வேலைக்கோ வாங்கிய பெட்டிகளை என் கையில் திணித்திருக்கிறார்கள். சில டிரெய்லரில் உள்ளும் வெளியும் ஒரே அளவுதான் வரும், அதனால் உங்கள் ஆக்சிலின் இரண்டு நம்பரையும் ஒரு முறை பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் பேரிங்கின் வளையத்திலேயே பொறித்திருக்கும்.

தண்டு கீறல் விழுந்து கெட்டுப்போயிருந்தது. புது ஆக்சில் முனை, ஹப், பேரிங், சீல், கூலி என்று 16,200 ரூபாய். ஆறு நாள் தொழில் போனது தனி.

திரும்ப அந்தப் பட்டறைக்குப் போனேன். ஆணியை மேசை மேல் வைத்தேன். “பின் அன்னைக்கு ஸ்டாக் இல்ல அண்ணே” என்றார். பேரிங்கைக் காட்டியதும் பேச்சு மாறியது: “உப்புத்தண்ணியில இறக்குற வண்டிக்கு எவனும் கேரண்டி தரமாட்டான்.” தண்ணீரில் இறக்கவே இல்லை என்றேன். ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். வாங்காமல் வந்துவிட்டேன்.

உப்புத்தண்ணீர் பேரிங்கைக் கெடுக்கும் என்பது மட்டும் உண்மை. லேத் பெரியவர் அதையும் விளக்கினார். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு இறக்குதளத்தில் பின்னால் விட்டு வீலை முக்கினால், உள்காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகக் கடல் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். அதனால் துறைமுகம் வந்ததும் உடனே இறக்காதீர்கள். ஒரு சாயா குடித்து, தொட்டுப் பார்த்து, ஹப் ஆறிய பிறகு இறக்குங்கள். ஹப் முங்காமலே வள்ளத்தை மிதக்கவிட முடிந்தால் இன்னும் நல்லது. வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது ரிம்முக்கும் நட்டுக்கும் நல்லது. ஆனால் உள்ளே போன உப்பு அதனால் வெளியே வராது, பிரித்துத்தான் ஆக வேண்டும். நாங்கள் இனி வருசத்துக்கு ஒரு முறை, சின்னமுட்டம் கிளம்பும் முன் பிரிப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

பிரிக்கிற வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. பழைய கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர விட வேண்டும். ஒரு கிரீஸ் மேல் வேறு வகை கிரீஸைப் போட்டால் சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி ஓடிவிடும். கழுவிய பேரிங்கைக் கம்பிரஸர் காற்றடித்துச் சுழல விடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. உருளை தெறித்துக் கண்ணில் படும், விடாதீர்கள். பேரிங் மாற்றினால் ஹப்புக்குள் பதிந்திருக்கும் வெளிவளையமான கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கப்பில், உருளைகளோடு வரும் உள்வளையமான கோனைப் புதுசாகப் போட்டால் புதுசும் சீக்கிரம் போய்விடும். தண்ணீர் தாங்கும் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அழுத்தி ஏற்ற வேண்டும். கிரீஸ் துப்பாக்கியால் அளவில்லாமல் ஏற்றினால் பின்சீல் பிதுங்கிவிடும். நட்டை முறுக்கும்போது வீலைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பேரிங் உட்கார்ந்த பிறகு தளர்த்தி, கை இறுக்கத்துக்கு விட்டு, புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். பலம் போட்டு இறுக்கி விட்டாலும் சூடேறிக் கருகும். கழற்றிய பழைய பேரிங், சீல், பின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுசின் நம்பரை, பூட்டும் முன் போனில் படம் எடுங்கள்.

ரோட்டில் போகும்போது பத்து, பதினைந்து கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி, புறங்கையால் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பயமில்லை. கை வைக்க முடியாத சூடு, அல்லது ஒன்று மற்றதைவிட அதிகச் சூடு என்றால் மேலே ஓட்ட வேண்டாம். ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் சீல் போய்விட்டது. நான் ராஜாக்கமங்கலத்தில் நிறுத்தித் தொட்டிருந்தால் ஆக்சிலாவது தப்பியிருக்கும்.

புகாருக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருசத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பில், காலிப் பெட்டிகள், எரிந்த பேரிங், மெக்கானிக் பிரித்தபோது மச்சான் எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

இந்த மே, ஜூனில் எந்தப் பட்டறையிலாவது வள்ள டிரெய்லருக்கு வீல் வேலை பார்த்தவர்கள் யாராக இருந்தாலும், அடுத்த தடவை வண்டியைப் பூட்டும் முன் இரண்டு தொப்பியையும் கழற்றி, கிரீஸை வழித்து, நட்டின் குறுக்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆணியோ கம்பியோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். மனுவில் சேர்க்க வேண்டும்.