10 கிராம் கடல்பாசிப் பட்டை: வாங்கலாமா?

வெயில் காலத்தில் வீட்டிலேயே குளுகுளுவென்று ஒரு பழ இனிப்பு செய்ய வேண்டும், அடுப்படியில் அதிக நேரம் நிற்கவும் முடியாது என்றால், நான் கைகாட்டும் பொருள் ஒன்றுதான்: கடல்பாசிப் பட்டை. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சில பொட்டலங்களில் அகர் அகர் என்று போட்டிருக்கும். எல்லாம் ஒன்றே. எங்கள் பக்கம் 10 கிராம் பொட்டலம் 50 ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கிறது. கையில் எடுத்தால் கனமே தெரியாது, இதற்கா இவ்வளவு காசு என்று தோன்றும். ஆனால் அந்த 10 கிராம், ஒரு லிட்டரை உறைய வைத்துவிடும். எட்டுப் பத்துப் பேருக்குத் தாராளமாகக் காணும். அப்படிக் கணக்குப் போட்டால் இது மலிவான சாமான்தான்.

எனக்குப் பிறந்த ஊர் கீழக்கரை. நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழம், கஞ்சி, வடை என்று எல்லாம் வரிசையாக இருந்தாலும் பிள்ளைகளின் கை முதலில் போவது கடல்பாசித் தட்டுக்குத்தான். உம்மா பாலில்தான் செய்வார்கள். கொஞ்சம் ரோஸ் எசன்ஸ், மேலே நறுக்கிய பாதாம், வைர வடிவில் துண்டு. அது அருமையாக இருக்கும், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பழத்தோடு சேரும்போதுதான் இந்தப் பட்டையின் முழு அருமையும் தெரிகிறது என்பது என் கருத்து. பாலில் செய்யும்போது பாலும் சீனியும் எசன்ஸும்தான் வாயில் தெரியும். இளநீரிலோ மாம்பழச் சாற்றிலோ செய்தால், பட்டை தனக்கென்று எந்த ருசியும் காட்டாமல் ஒதுங்கி நிற்கும். பழம்தான் பேசும்.

இதற்குப் போட்டியாகக் கடையில் இருப்பவை இரண்டு. ஒன்று, வண்ண வண்ண அட்டைப்பெட்டியில் வரும் ஜெல்லி பவுடர். அதில் சீனி, நிறம், வாசனை எல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கும். வெந்நீரில் கரைத்து ஊற்றினால் வேலை முடிந்தது. ஆனால் ஸ்ட்ராபெரி என்று போட்டிருக்கும் பெட்டியில் பெரும்பாலும் இருப்பது வாசனைதான், பழம் இல்லை. அதோடு ஜெலட்டின் சேர்ந்ததா இல்லையா என்று பெட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும். ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது. எங்கள் வீட்டிலும் அதைப் பார்த்துத்தான் வாங்குவோம், சைவம் சாப்பிடும் வீடுகளிலும் அப்படித்தான். கடல்பாசியில் அந்த யோசனையே வேண்டாம், அது முழுக்கக் கடலில் விளைவது. இன்னொன்று கஸ்டர்ட் பவுடர். சோள மாவு, நிறம், வனிலா. ஃப்ரூட் சாலட் செய்ய அது நல்லதுதான், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அது குழைவாக இருக்குமே தவிர உறையாது. வெட்டித் துண்டு போட முடியாது.

இனி பட்டையா, பொடியா? இரண்டும் விற்கிறார்கள். பொடி வேகமாக வேலை முடிப்பதற்கு நல்லது, ஒரு கப் திரவத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும். முதலில் பச்சைத் தண்ணீரில் கலக்கிவிட்டு அப்புறம் சூடாக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் நேராகத் தூவினால் கட்டி கட்டியாகத் திரண்டு, பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. நான் பட்டையைத்தான் வாங்குவேன். பட்டை கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் காரணம். வெளுப்பாக, லேசான பளபளப்போடு, மணம் எதுவும் இல்லாமல் இருந்தால் நல்ல சரக்கு. பழுப்பேறியிருந்தாலோ மூக்கருகே கொண்டுபோனால் கவிச்சி அடித்தாலோ பழைய சரக்கு. அதைக் கொதிக்கவிட்டால் அடுப்படி முழுக்க அந்த வாடை வரும், இளநீரில் போட்டால் இளநீரே கெட்டுவிடும். பொடியில் இந்தச் சோதனை எதையும் பொட்டலத்துக்கு வெளியிலிருந்து செய்ய முடியாது.

நான் அடிக்கடி செய்வது இளநீரும் நுங்கும் போட்டது. 10 கிராம் பட்டையைக் கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்கு நறுக்கி, அலசிவிட்டு, அரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறினதும் மெத்தென்று ஆகிவிடும், ஆனால் கரைந்திருக்காது. ஊறிய தண்ணீரோடு அப்படியே அடுப்பில் வைத்து, மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். அகர் கரைய ஏறக்குறைய 85 டிகிரி சூடு வேண்டும். பார்த்தால் கரைந்தது மாதிரி இருக்கும், ஆனால் கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடித் துணுக்கு போல மெல்லிய இழைகள் ஒட்டியிருக்கும். அந்த இழை ஒன்றுகூட இல்லாமல் தண்ணீராக ஓட வேண்டும். அப்புறம் சீனி சேர்த்து, அது கரைந்ததும் இறக்கி, வடிகட்டியில் ஊற்றிவிடுங்கள். இளநீரே இனிப்பாக இருந்தால் மூன்று மேசைக்கரண்டி சீனி போதும்.

இளநீரை அடுப்பில் வைக்கவே கூடாது. கொதித்தால் அந்தப் பசுமையான ருசி போய்விடும். அரை லிட்டர் இளநீரைத் தனியாக வெளியே வைத்திருந்து, இறக்கிய பாசிக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சில்லென்ற இளநீரை ஊற்றிவிடாதீர்கள். அகர் 40 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க உறைய ஆரம்பித்துவிடும். குளிர்ந்த இளநீர் பட்ட இடத்தில் உடனே உறைந்து, திப்பி திப்பியாக மிதக்கும். அப்படி ஆகிவிட்டால் மறுபடி சூடாக்குவதைத் தவிர வழி இல்லை, இளநீர் ருசியும் அதோடு சரி. கலந்ததைத் தட்டில் ஊற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து, தோல் உரித்த நுங்கையும் இளநீர் வழுக்கையையும் நறுக்கிப் போட வேண்டும். உடனே போட்டால் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஓரம் கொஞ்சம் தடித்த பிறகு போட்டால் நடுவில் நிற்கும்.

தட்டு அறைச் சூட்டிலேயே உறைந்துவிடும், ஃப்ரிட்ஜ் குளிரச் செய்வதற்கு மட்டும்தான். கரண்ட் போய்விட்டாலும் இனிப்பு கெட்டியாகவே இருக்கும் என்பது எங்கள் பக்கத்துக் கோடையில் சின்ன விஷயம் இல்லை. நோன்பு இப்போது மாசி வாக்கில் வருவதால் நுங்கு சரியாக இறங்கியிருக்காது. அப்போது தர்பூசணிச் சாற்றில் செய்து, கறுப்புத் திராட்சையை இரண்டாக நறுக்கிப் போடுவேன். சித்திரை வந்தால் பங்கனப்பள்ளி. நார் இல்லாத பழமாக இருக்க வேண்டும். அரைத்த விழுது கெட்டியாக இருப்பதால் மாம்பழத்துக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

எந்தப் பழம் சேரும், எது சேராது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அன்னாசியும் பப்பாளியும் ஜெலட்டினில் உறையவே உறையாது. அன்னாசியில் புரோமலின், பப்பாளியில் பப்பேன் என்று புரதத்தை அறுக்கும் நொதிகள் உண்டு. ஜெலட்டின் ஒரு புரதம், அதனால் பச்சையாகப் போட்ட அன்னாசி அதை அப்படியே நீர்க்க வைத்துவிடும். கடல்பாசி கார்போஹைட்ரேட் வகையைச் சேர்ந்தது, புரதம் இல்லை. அன்னாசியைத் தாராளமாகப் போடலாம், கெட்டியாக நிற்கும். ஆனால் பால் கலந்த கடல்பாசியில் பச்சை அன்னாசி வேண்டாம், அதே நொதி பாலின் புரதத்தில் வேலையைக் காட்டும், கொஞ்ச நேரத்தில் கசந்துவிடும். அன்னாசியைச் சீனியோடு ஐந்தாறு நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அந்தச் சாற்றை வடித்துவிட்டுப் போட்டால் பிரச்சினை இல்லை. எலுமிச்சைச் சாறு, சாத்துக்குடி மாதிரிப் புளிப்பானவற்றைப் பாசியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் உறையும் சக்தி குறைந்துவிடும். இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும்.

சூட்டில் உருகாத இந்தக் குணத்துக்கு ஒரு கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1881இல் ஜெர்மனியில், கிருமிகளை ஆராய்ந்த மருத்துவர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே, கிருமிகளை ஜெலட்டினில் வளர்க்கப் பார்த்துத் திணறினார். வெயில் ஏறினால் ஜெலட்டின் உருகிவிடும். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் சமையலில் பயன்படுத்தும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஜாவாவில் இருந்து வந்த பழக்கம் அது, ஜெல்லியும் புட்டிங்கும் கோடையிலும் உருகாமல் இருக்க அவர் அதைத்தான் பயன்படுத்தி வந்தார். இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடத் தட்டுகளில் கிருமி வளர்வது அகரில்தான். ஒரு பெண்ணின் சமையல் அறிவு மருத்துவத்துக்கு இவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறது. ஃபேனியின் பெயர் பள்ளிப் பாடத்தில் வர வேண்டும்.

எனக்கு இந்தப் பொட்டலங்கள் மேல் ஒரு மனக்குறை உண்டு, ருசியைப் பற்றியது இல்லை. எங்கள் மாவட்டத்துக் கடலில், பாம்பன், மண்டபம், ஏர்வாடி பக்கம், பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இரண்டும் அகர் எடுக்க உதவும் பாசிகள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு தீவுகளை ஒட்டிப் போக அவர்களுக்குத் தடை. பாறை கிழித்த விரல்களோடு அவர்கள் கொண்டுவருவதற்குக் கிடைப்பது சொற்ப விலை. நான் வாங்கிப் பார்த்த எந்தப் பொட்டலத்திலும் பாசி எந்தக் கடலில் இருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை, எங்கே பொட்டலம் போட்டார்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது. தேயிலைக்குத் தோட்டத்தின் பெயர் போடுகிறார்கள், அரிசிக்கு ஊர்ப் பெயர் போடுகிறார்கள். இதற்கும் போட வேண்டும். போட்டால் நான் 10 ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவேன்.

பொருளில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வாயில் வைத்ததும் வெண்ணெயாகக் கரைய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது, கடித்தால் பட்டென்று உடையும். மிருதுவாக வேண்டுமென்றால் அதே ஒரு லிட்டருக்கு 7 கிராம் போட்டுப் பாருங்கள். அப்போது துண்டு போட வராது, கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூனால் சாப்பிடலாம். அடுத்தது, வைக்க வைக்கத் தண்ணீர் விடும். மறுநாள் தட்டில் ஓரமாகக் கொஞ்சம் நீர் தேங்கியிருக்கும், அதை வடித்துவிட்டால் போதும், கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. ஆனால் சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். உறைந்து இளகும்போது பாசி தன்னிடம் உள்ள தண்ணீரையெல்லாம் விட்டுவிட்டுப் பஞ்சாகிவிடும். ஜப்பானில் பாசிக் கூழைக் குளிர்கால இரவில் உறையவிட்டு, பகலில் இளகவிட்டு, இப்படித் தண்ணீரை நீக்கித்தான் காய்ந்த பட்டையே செய்வார்கள்.

பிரித்த பொட்டலத்தை ஈரம் படாத டப்பாவில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். செய்த இனிப்பை, பழச்சாறு மட்டும் என்றால் மூடிவைத்து இரண்டு நாள், பால் சேர்த்தது என்றால் மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். நோன்பு நெருங்கினால் எங்கள் பக்கம் விலை கொஞ்சம் ஏறும், நல்ல வெளுப்பான பட்டையும் சட்டென்று தீர்ந்துவிடும். ஒரு மாதம் முன்னாலேயே நாலைந்து பொட்டலம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.