'அம்பாள் உத்தரவு' என்று பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்

தங்கைக்கு வரன் தள்ளிக்கொண்டே போகிறதே என்று ஒரு 'குருஜி'யிடம் ஆன்லைனில் ஜாதகம் பார்த்தோம். கட்டணம் 500 ரூபாய்தான். கால சர்ப்ப தோஷம் என்றார். மறுநாள் ராத்திரி அவரே கூப்பிட்டார். "சார், பூஜையில் உட்கார்ந்திருந்தேன், அம்பாள் வாக்கு வந்தது. அமாவாசைக்குள் சாந்தி ஹோமம் முடிக்கச் சொல்கிறாள். வெளியே யாரிடமும் மூச்சு விடாதீர்கள், பலன் கலைந்துவிடும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜோசியர் சொன்னால் இன்னொருவரிடம் கேட்கலாம், பேரம்கூடப் பேசலாம். அம்பாள் சொன்னால்? ஹோமத்துக்கு 36,000 ரூபாய், ராகுவுக்குக் கோமேதக மோதிரம் தனியாக 18,000. ரசீது கேட்டதற்கு, "தெய்வ காரியத்துக்கு ரசீதா சார்?" என்றார்.

ஹோமம் நடந்ததாக ஒரு வீடியோ வந்தது. ஒரே புகை. தங்கை கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி. சங்கல்பத்தில் வருவதோ "ரோகிணி நட்சத்ரே, ரிஷப ராசௌ". பெயர் வரவேண்டிய இடத்தில் சத்தத்தையே வெட்டியிருக்கிறார்கள். யாரோ ஒருவருக்கு எப்போதோ செய்த ஹோமத்தை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்! கேட்டால், "சந்தேகப்பட்டால் தோஷம் இரட்டிப்பாகும்" என்று பதில்.

அப்புறம்தான் தெரிந்த ஜோசியர் ஒருவரிடம் கட்டத்தைக் காட்டினோம். ஏழு கிரகங்களும் ராகு, கேதுவுக்கு இடையே ஒரே பக்கத்தில் அடைபட்டால்தான் அந்த தோஷம். தங்கை ஜாதகத்தில் செவ்வாய் மறுபக்கம் தனியாக நிற்கிறார். கட்டம் பார்க்கத் தெரியாதவர்கூட விரல் விட்டு எண்ணிவிடலாம். வராஹமிகிரர் எழுதிய பழைய ஜோதிட நூலான பிருகத் ஜாதகத்தில் இப்படி ஒரு தோஷத்தின் பெயரே கிடையாது என்பது வேறு விஷயம்.

மோதிரக் கல் வெறும் கண்ணாடி. நகைக்கடைக்காரர் லென்ஸில் காட்டினார், உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள். அசல் கோமேதகத்துக்குள் வெல்லப்பாகைக் கலக்கியதுபோல ஒரு நெளிவு தெரியுமாம்.

பரிகாரமே பொய் என்று சொல்ல வரவில்லை. திருநள்ளாறு போய் எள் தீபம் ஏற்றும் அம்மாவோடு எனக்குச் சண்டையும் இல்லை. கோயிலில் அர்ச்சனைக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கும், சீட்டு கிழித்துக் கொடுப்பார்கள். நாளும் கோளும் சரியில்லை, மதுரைக்குப் போகவேண்டாம் என்று அப்பர் தடுத்தபோது திருமறைக்காட்டில் சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம். அதை வீட்டிலேயே பாடலாம், காலணா செலவில்லை. சாமியை நம்புவது வேறு, சாமி என்னிடம் பேசியது என்பவரை நம்புவது வேறு. ரகசியம், கெடு, மிரட்டல் மூன்றும் சேர்ந்து வந்தால் அது இரண்டாவது ரகம்.

தோஷம் இல்லாத ஜாதகம் இவர்களிடம் கிடையவே கிடையாது. எந்த நேரத்திலும் 12 ராசிகளில் 3-க்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருக்கும். செவ்வாய் ஜாதகத்தின் 2, 4, 7, 8, 12 என ஐந்து வீடுகளில் எங்கே இருந்தாலும் தோஷம் என்பார்கள். எப்படியும் ஒன்றில் மாட்டுவோம்.

பணம் இன்னும் வரவில்லை. எங்களைப் பிளாக் செய்த ஆள், வேறு நம்பரிலிருந்து அத்தைக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். இந்த முறை முருகன் உத்தரவாம். நீங்கள் யாராவது பணம் கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் போன விவரம், வாட்ஸ்அப் உரையாடல், வீடியோ எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் மோதிரத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுவும் சாட்சிதான்.