மூன்றே பொத்தான்கள்: கேசியோ எஃப்-91டபிள்யூ கைக்கடிகாரம்

1989இல் அறிமுகமான கேசியோ எஃப்-91டபிள்யூ கைக்கடிகாரம் இன்றும் ஏறத்தாழ அதே உருவத்தில் விற்பனையில் இருக்கிறது. அதன் 21 கிராம் எடையைப் பற்றியும், ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் உழைக்கும் என்று நிறுவனம் சொல்லும் பேட்டரியைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். அதன் விளிம்பில் இருக்கும் மூன்று பொத்தான்களைப் பற்றி மட்டும் இங்கே எழுத விரும்புகிறேன். தொடுதிரையோ திருகோ இல்லாத இந்தக் கடிகாரத்தில் நேரம், தேதி, அலாரம், மணிக்கொரு முறை எழும் ஒலி, ஸ்டாப்வாட்ச் ஆகிய அனைத்தையும் அந்த மூன்றே பார்த்துக்கொள்கின்றன.

இடப்புறம் மேலே இருப்பது விளக்குக்கு உரியது. அதற்குக் கீழே இருக்கும் மோட் பொத்தான் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு நம்மைக் கொண்டுபோகிறது. வலப்புறத்தில் தனியாக இருக்கும் பொத்தான், நேரத் திரையில் 12 மணிக் கணக்கை 24 மணிக் கணக்காக்கும், அலாரத் திரையில் அலாரத்தை வைக்கவும் எடுக்கவும் செய்யும், ஸ்டாப்வாட்ச் திரையில் ஓட்டத்தைத் தொடங்கி நிறுத்தும். ஒரே பொத்தானுக்கு இத்தனை வேலைகளைக் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று தோன்றும். ஆனால் இந்தப் பொத்தானின் வேலை மாறுகிறதே தவிர அதன் குணம் மாறுவதில்லை. எந்தத் திரையில் இருந்தாலும் இடப்புறக் கீழ்ப் பொத்தான் 'நகர்' என்கிறது, வலப்புறப் பொத்தான் 'இங்கே செய்' என்கிறது. இந்த ஒழுங்கை விரல் இரண்டு நாட்களில் கற்றுக்கொண்டுவிடுகிறது. அதன் பிறகு முகப்பில் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்துகளை யாரும் படிக்கப் போவதில்லை.

கண்ணால் பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கக் கூடியதாகவும், அழுத்தியதை விரலுக்கே உணர்த்துவதாகவும் இருப்பதுதான் நல்ல பொத்தான் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டுச் சமையலறையில் கண்ணாடிப் பரப்பைத் தொட்டு இயக்கும் மின் அடுப்பு ஒன்று இருக்கிறது. பால் பொங்கி அந்தப் பரப்பில் வழிந்துவிட்டால், அடுப்பை அணைக்க வேண்டிய அந்த நொடியில், ஈர விரலை அது கண்டுகொள்வதே இல்லை. கடைசியில் சுவரிலிருக்கும் சுவிட்சைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய சுவிட்சும் இந்தக் கடிகாரத்தின் பொத்தான்களும் ஒரே இனம்.

விளக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை வெளிச்சம் இருக்கும், விட்டால் போய்விடும். விளக்கு எரிகிறதா, அணைந்ததா என்று யோசிக்க வேண்டிய தேவையே எழாதபடி விரலும் விளக்கும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த வெளிச்சம் இடது ஓரத்தில் மட்டும் பளிச்சென்று இருந்து வலப்பக்கம் மங்கிவிடுவது வேறு குறை. அதற்குப் பொத்தானைப் பழிக்க முடியாது.

அலாரத்தை நிறுத்தும் முறையைத்தான் நான் மிகவும் ரசித்தேன். 20 விநாடிகள் ஒலிக்கும் அலாரத்தை மூன்றில் எந்தப் பொத்தானை அழுத்தியும் நிறுத்தலாம். அரைத் தூக்கத்தில் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது என்பதை உணர்ந்து, எங்கே போனாலும் சரி என்று விட்டிருக்கிறார்கள்.

வலப்புறப் பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டாலும் நேரத் திரையில் பெரிய சேதம் ஏதும் இல்லை. இன்னொரு முறை அழுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும். அதையே மூன்று விநாடிகள் அழுத்திப் பிடித்தால் திரையில் நிறுவனத்தின் பெயர் தோன்றும். போலிகள் மலிந்த சந்தையில் அசலைச் சோதிக்க இதைத்தான் பலர் செய்து பார்க்கிறார்கள். பெயர் தோன்றாவிட்டால் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

குறை இல்லாமல் இல்லை. திரைகள் நேரம், அலாரம், ஸ்டாப்வாட்ச், நேரத் திருத்தம் என்ற வரிசையில் ஒரே திசையில் சுற்றுகின்றன. ஸ்டாப்வாட்ச் பார்த்துவிட்டு நேரத்துக்குத் திரும்புகிறவர் ஒவ்வொரு முறையும் திருத்தத் திரையைக் கடந்துதான் ஆக வேண்டும். அங்கே விநாடி மின்னிக்கொண்டிருக்கும்போது வலப்புறப் பொத்தானை அழுத்தினால் விநாடிக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும், அதை மீட்க வழியில்லை. எப்போதோ ஒருமுறை தேவைப்படும் திரையை அன்றாடம் நடக்கும் பாதையின் குறுக்கே வைத்தது இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய பிழை என்பேன்.

இதே திருத்தத் திரையில் இடப்புற மேல் பொத்தான் விநாடியிலிருந்து மணிக்கும் நிமிடத்துக்கும் மாதத்துக்கும் தாவும் வேலையை ஏற்கிறது. மூன்றில் குணம் மாறுவது அது ஒன்றுதான், புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறுவதும் அங்கேதான். எண்களைக் கூட்ட முடியுமே ஒழியக் குறைக்க முடியாது. போதாக்குறைக்கு இந்தக் கடிகாரத்துக்கு ஆண்டு தெரியாது, அதன் கணக்கில் பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாட்கள்தான். ஆகவே 2028இல் பிப்ரவரி 29 அன்று காலையில் அது மார்ச் 1 என்று காட்டும். அதைத் திருத்த விரும்புகிறவர் மோட் பொத்தானை மூன்று முறை அழுத்தி, மேல் பொத்தானால் மாதத்துக்குத் தாவி, மார்ச்சிலிருந்து ஒரு மாதம் பின்னே போவதற்காக 11 மாதங்கள் முன்னே நடக்க வேண்டியிருக்கும்.