வீணையை அரங்குக்கு எடுத்துச்செல்வது: மைக், காந்தப் பிக்கப், காண்டாக்ட் மைக்

வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, கேட்க வந்தவர்கள் ஒரு கூடத்துக்குள் அடங்கினார்கள். வீணையின் இயல்பான ஒலி அந்த அளவுக்குப் போதுமானது. பின்னால் மிருதங்கமும் கடமும் ஒலிக்க, ஆயிரம் பேர் அமர்ந்திருக்கும் சபா அரங்கில் அதே வீணை ஒலிபெருக்கியின் துணையில்லாமல் மூன்றாவது வரிசையைக் கூடத் தெளிவாக எட்டாது. எனவே இன்றைய வைணிகர் ஒவ்வொருவரும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது: குடத்தின் (வீணையின் பெரிய உருண்டைப் பகுதியின்) முன் நிறுத்தும் மைக், கம்பிகளுக்கு அடியில் வைக்கும் காந்தப் பிக்கப், பலகையில் ஒட்டும் காண்டாக்ட் மைக்.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன், வீணையிலிருந்து எது அரங்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. மூன்று கட்டைச் சுருதியில், வாசிக்கும் நான்கு கம்பிகளில் சாரணி ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 123, மந்தரம் 82, அனுமந்தரம் 62 ஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. இந்தக் கீழ்க்கம்பிகளின் கனம் முதல் தேவை. கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேல் உள்ள பித்தளைத் தகட்டில் கம்பி மெல்ல உரசி எழுப்பும் மினுமினுப்பு இரண்டாவது. ஒரே மீட்டில் இடக்கை கம்பியை இழுத்துக் கமகம் (சுரத்தின் அசைவு) பிடிக்கும்போது, தேய்ந்துகொண்டே போகும் கார்வையின் (நீடித்து நிற்கும் ஒலியின்) கடைசி இழை மூன்றாவது. இம்மூன்றில் எது குறைந்தாலும் கேட்பவருக்கு வந்து சேர்வது வீணையின் ஒரு பகுதி மட்டுமே.

நாதத்தின் உண்மையை அளவுகோலாகக் கொண்டால் மைக்குக்கு நிகரில்லை. சிறு தகடு கொண்ட கண்டென்சர் மைக் ஒன்றைக் குடத்தின் மேற்பலகையிலிருந்து 20 அல்லது 30 சென்டிமீட்டர் தள்ளி, குதிரைக்கும் மெட்டுகள் (விரல் அழுத்தும் பித்தளைக் கட்டைகள்) முடியும் இடத்துக்கும் நடுவே நோக்கியிருக்குமாறு வைத்தால், பலகையும் குடமும் காற்றும் சேர்ந்து உருவாக்கிய முழு ஒலி கிடைக்கும். ஒலிப்பதிவுக்கு வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மேடையில்தான் சிக்கல் தொடங்குகிறது. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் நேரடி ஒலி 6 டெசிபல் குறைகிறது என்பதால், 30 சென்டிமீட்டரில் வைத்த மைக்குக்கு ஒலியை நிறையக் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டக் கூட, பக்கத்து மிருதங்கமும் மானிட்டரிலிருந்து (கலைஞர் கேட்பதற்கான மேடை ஒலிபெருக்கியிலிருந்து) திரும்பி வரும் வீணையும் அதே மைக்கில் நுழைந்து, கடைசியில் ஊளை எழும்புகிறது. மேடையில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், ஊளையிடாமல் கூட்டக்கூடிய அளவு மேலும் 3 டெசிபல் சுருங்கும். டைனமிக் மைக்கை அருகில் கொண்டுவந்து வைப்பது பழைய மாற்றுவழி. அதில் ஊளை ஓரளவு அடங்கினாலும் பித்தளைத் தகட்டின் மினுமினுப்பு மங்கிவிடுகிறது. டி.பி.ஏ. 4099 போல வாத்தியத்திலேயே கவ்வி நிற்கும் சிறு மைக்குகள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவை. கலைஞர் அசைந்தாலும் இவற்றின் தூரம் மாறாது. ஆனால் விலை மிக அதிகம்.

காந்தப் பிக்கப் இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்கிறது. அது காற்றையோ பலகையையோ கேட்பதில்லை. இரும்புக் கம்பி காந்தப் புலத்தில் அசைவதை மட்டும் மின்சாரமாக்குகிறது. ஆகையால் மானிட்டரை எவ்வளவு கூட்டினாலும் எளிதில் ஊளையிடாது, கார்வையும் நீண்டு நிற்கும். அந்த நீண்ட கார்வையை நம்பியே மீட்டுகளைக் குறைத்து, இழுப்புகளைப் பெருக்கி வாசிக்கும் ஒரு பாணியும் சாத்தியமாகிறது; அதில் அழகு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் பலா மரம் அங்கே பேசுவதில்லை. நூறாண்டு வயதான தஞ்சாவூர் ஏகாண்ட (ஒரே மரத்தில் குடைந்த) வீணையும் சென்ற மாதம் செய்து முடித்த ஒட்டு (துண்டுகளை இணைத்த) வீணையும் காந்தப் பிக்கப் வழியாக ஏறக்குறைய ஒரே குரலில் ஒலிப்பது, ஒரு ஆசாரியின் உழைப்பை அழித்துவிடுவதற்குச் சமம் என்றே கருதுகிறேன்.

வீணைக்கே உரிய வேறு சிக்கல்களும் இதில் உண்டு. மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் பித்தளைக் கம்பி கட்டியிருந்தால், காந்தம் அவற்றை உணரவே உணராது. எஃகு உட்கம்பியின் மேல் சுற்றிய கம்பிக்கு மாற வேண்டும். பக்கவாட்டில் ஓடும் மூன்று தாளக் கம்பிகள் காந்தத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதால் மெலிந்தே கேட்கும். கமகத்தின்போது குதிரையிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மெட்டில் சாரணியை 2 சென்டிமீட்டர் இழுத்தால், குதிரையிலிருந்து 8 சென்டிமீட்டரில் உள்ள பிக்கப்பின் மேல் அது 4 மில்லிமீட்டர் நகரும். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிக் காந்த முனை கொண்ட கிட்டார் பிக்கப்பை அப்படியே பொருத்தினால், இழுப்பின் உச்சத்தில் ஒலி சற்றுத் தணிவது இதனால்தான். நீள்பட்டைக் காந்தம் உள்ளதை வாங்குவதே முறை. அதுவும் இரட்டைச் சுருள் கொண்டதாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலும் அடங்கும்.

பலர் கையாள்வது காண்டாக்ட் மைக். பீசோ வில்லை (அதிர்வை மின்னழுத்தமாக்கும் சிறு வட்டத் தகடு) ஒன்றைக் குதிரையின் காலருகே பலகையில் ஒட்டினால், பலகையின் அதிர்வு நேரடியாக மின்னழுத்தமாகிறது. மரம் பேசுகிறது, ஊளை மைக்கைவிட வெகுவாகக் குறைகிறது, விலையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. எனினும் 'தகரச் சத்தம்', 'கீச்சுக் குரல்' என்ற குறையும் இதன் மேல்தான் அதிகம் சொல்லப்படுகிறது. என் முடிவு, அந்தப் பழியில் பெரும்பங்கு வில்லையைச் சேராது. வில்லையை நேரே மிக்சரில் செருகும் வழக்கத்தையே சேரும் என்பது.

காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். 27 மில்லிமீட்டர் வில்லையின் மின்தேக்கத் திறன் சுமார் 20 நானோஃபாரட். அதை 10 கிலோ ஓம் தடை கொண்ட மிக்சர் லைன் உள்ளீட்டில் இணைத்தால், சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் சரியத் தொடங்குகிறது. சாரணியின் சட்ஜத்தில் அடிச்சுருதி ஏறத்தாழ 14 டெசிபல், அனுமந்தரத்தில் 22 டெசிபல் குறைந்துவிடுகிறது. அதாவது அந்த மிக்சரை அடையும் முன்பே வீணையின் அடித்தளம் பறிபோகிறது, நகம் படும் ஓசையும் மெட்டில் விரல் தட்டும் ஓசையும் மட்டும் முன்னே துருத்திக்கொண்டு நிற்கின்றன. அதே வில்லையை ஒரு மெகா ஓம் உள்ளீடு கொண்ட ப்ரீஆம்ப்பில் (மிக்சருக்கு முன் வரும் சிறு பெருக்கியில்) இணைத்தால், சரிவு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடுகிறது. வீணையில் அங்கே ஒலிக்க எதுவுமில்லை. மின்தேக்கத் திறன் குறைந்த சிறு பீசோ பட்டைகளுக்கு இன்னும் உயர்ந்த உள்ளீடு, 10 மெகா ஓம் வரை, தேவைப்படலாம். சபாக்களின் மைக்செட்காரர் கொண்டுவரும் சாதாரண டி.ஐ. பெட்டி (வாத்தியத்தை மிக்சருடன் இணைக்கும் இடைப்பெட்டி) இதற்குப் போதும் என்று எண்ணிவிடக் கூடாது; பல பெட்டிகளின் உள்ளீடு ஒரு மெகா ஓமை எட்டுவதில்லை. ப்ரீஆம்ப் கலைஞருடைய பையிலேயே இருப்பதும், வில்லையிலிருந்து அதற்குச் செல்லும் ஒயர் மூன்று மீட்டருக்குள் இருப்பதும் பாதுகாப்பு. ஏ.கே.ஜி. சி411 போன்றவை பீசோ வகையைச் சேராதவை. பலகையின் அதிர்வை உணரும் கண்டென்சர் என்பதால் மிக்சரே கேபிள் வழியாகத் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரில் அதனுடன் நேராகவே இணைகின்றன.

ஒட்டும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். ஓரிரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே குரல் மாறும். பித்தளைத் தகட்டின் மேல் ஒட்டினால் கூர்மை மிகும். பலகையின் ஓரத்துக்குப் போனால் குரல் அடைத்துக்கொள்ளும். குதிரைக் காலின் சுற்றுவட்டத்தில் தேடினால் சமநிலை கிடைக்கும். நிரந்தரப் பசை வேண்டாம். மெருகு உரியாத மென்பசை போதும்.

மைக்கையும் காண்டாக்ட் மைக்கையும் கலப்பது பெரிய மேடைகளில் நல்ல பலன் தருகிறது. அப்போது 30 சென்டிமீட்டர் தூரத்து ஒலி சுமார் 0.9 மில்லி நொடி தாமதமாக வருவதால், 570 ஹெர்ட்ஸை ஒட்டி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளக்கூடும். மிக்சரில் ஒரு தடத்தின் துருவத்தை (+/− திசையை) மாற்றிக் கேட்டு, எதில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

நூறு பேர் கூடும் தனிக் கச்சேரிக்கு மைக் ஒன்றே போதும். பக்கவாத்தியங்களுடன் கூடிய சபா மேடைக்குக் காண்டாக்ட் மைக்கும் ப்ரீஆம்ப்பும் சேர்ந்த இணையையே வாங்கச் சொல்வேன். கையிலிருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால், மலிவான வில்லையும் நல்ல ப்ரீஆம்ப்பும் எடுப்பது, விலையுயர்ந்த வில்லையை வாங்கிவிட்டு ப்ரீஆம்ப்பைத் தள்ளிப்போடுவதைவிட மேல். டிரம்ஸும் கீபோர்டும் முழங்கும் கலப்பிசை மேடைக்குத்தான் காந்தப் பிக்கப் உண்மையில் பொருந்துகிறது. எதை எடுத்தாலும், ஒலிச்சோதனையில் மத்திய காலக் கிருதியை வாசித்துப் பார்ப்பது போதாது. அனுமந்தரத்தில் தானம் வாசித்து, பிறகு சாரணியில் ஒரே மீட்டில் நீண்ட கமகம் பிடித்து, மிருதங்கக்காரரையும் உடன் வாசிக்கச் செய்து, அரங்கின் கடைசி வரிசையில் ஒரு மாணவரை அமர்த்திக் கேட்கச் சொல்ல வேண்டும்.