பெயின்ட் அப்பிய பெட்ஃபோர்ட் தகடு: தின்னரா, பிரேக் ஆயிலா, சத்தே குச்சியா?

மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் ஷீட் ஏற்றி ஓய்ந்த பெட்ஃபோர்ட் ஜே ரக லோரி ஒன்று இப்போது மாமா வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 1958-ல் வாக்ஸ்ஹால் கம்பெனி இறக்கிய ரகம். இதன் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால் செங்காவிக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே பச்சை. பூசியவர்களில் ஒருவர்கூட மாஸ்கிங் டேப் ஒட்டவில்லை. சேசிஸ் எண் உள்ள அடையாளத் தகட்டையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார்கள். கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், இருக்கும் எண்ணும் தகட்டில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று மாமாவுக்குத் தெரிந்தாக வேண்டும். பெயர் மாற்றத்துக்காக வாகனப் பரிசோதனை நிலையமான பஸ்பகோமில் பி5 சோதனைக்குப் போனால், முதலில் எண்ணைத்தானே பார்ப்பார்கள்.

பெயின்டை எடுக்காமலே வேலை முடியுமா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். இருட்டிய பிறகு டார்ச் லைட்டைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், குத்திய எண்கள் நிழல் விழுந்து தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் வரும். எங்களுக்கு எண் முழுதும் வந்துவிட்டது. எண் மட்டும் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒரு பைசா செலவில்லை. ஆனால் அச்சடித்த எழுத்துகள் இப்படித் தெரியாது. மாமாவுக்கு 'பெட்ஃபோர்ட்' என்ற எழுத்தும் கண்ணில் பட வேண்டும்.

எடுப்பது என்று முடிவானால், எதைக் கொண்டு எடுப்பது என்பதை மேலே இருக்கும் பெயின்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கருப்புச் சாயத்தை அலுமினியத்தின் ஆக்சைடு படலத்துக்குள்ளேயே ஏற்றிய அனோடைஸ் தகடு தின்னருக்கெல்லாம் அசையாது. திரை அச்சில் மை ஏற்றிய தகடு அசையும், சில சமயம் முழுதாகவே கிளம்பிவிடும். காகித லேபிள் வேறு சாதி. 1960களின் கடைசியில் வந்த அமெரிக்க செவர்லே பிக்கப்புகளில் டேஷ்போர்டு பெட்டி மூடியின் உள்பக்கம் ஆப்ஷன் குறியீடுகளோடு ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி. அதற்குத் தண்ணீரே எதிரி.

என் முதல் தகடு தின்னரில்தான் போனது. இந்த லோரியின் தகடு அல்ல, பழைய வேன் ஒன்றினுடையது. பட்டறையில் ஒருவர், "பாஸ், ரெண்டு நிமிஷம்" என்று துணியை நனைத்துத் துடைத்தார். சொன்னபடி ரெண்டே நிமிஷத்தில் மேல் பெயின்டும் போனது, கருப்பு மையும் போனது. வழவழப்பான வெள்ளித் தகடுதான் மிச்சம். தின்னரைக் குறை சொல்லவும் முடியாது. மேலே இருப்பது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) ஸ்ப்ரே பெயின்ட் என்றால் அதைவிடச் சிறந்தது கிடையாது, ஏனென்றால் அந்த ரகம் எத்தனை வருஷமானாலும் தின்னரில் திரும்பக் கரையும். தோட்டத்து லோரிகளுக்குத் தூரிகையால் அடித்ததோ எனாமல். அது காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுவது, பிறகு கரையாது, ஊறி உப்பத்தான் செய்யும். அது உப்புவதற்குள் அடி மை கரைந்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் டூகே பெயின்ட் என்றால் தின்னர் அதைத் தொடக்கூடச் செய்யாது.

பிரேக் ஆயிலுக்கு அவசரமே கிடையாது. இந்தப் பந்தயத்தில் என் ஓட்டு அதற்குத்தான். டாட் 3, டாட் 4 என்று தரம் குறித்த பிரேக் ஆயில் இரண்டிலும் இருப்பது கிளைக்கால் ஈத்தர். எனாமலை மெதுவாக மென்மையாக்கும். டாட் 5 வாங்கிவிடாதீர்கள், அது சிலிகான், ஒன்றும் நடக்காது. டிஷ்யூவை நனைத்துத் தகட்டின் மேல் படிய வைத்து, மேலே பிளாஸ்டிக் உறையைப் போர்த்தினேன். பினாங்குக் காற்றில் சும்மா விட்டால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வலு குறையும், அதனால்தான் போர்வை. அரை மணிக்கு ஒரு தடவை ஓரத்தைத் தூக்கி, காது குடையும் பஞ்சால் தொட்டுப் பார்க்க வேண்டும். செங்காவி வந்தால் சரி. கருப்பு வந்தால் அந்த நிமிஷமே நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். ஒரே எச்சரிக்கை, வழிந்து ஒழுகினால் சுற்றியுள்ள பெயின்டையும் இது விடாது. நான் தகட்டைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே கிரீஸால் வரப்பு கட்டினேன்.

ஊறிய பெயின்டைத் தூக்க பிளேடு வேண்டாம். இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சியின் முனையை உளி மாதிரி சீவிக்கொள்ளுங்கள். மூங்கில் அலுமினியத்தைக் கீறாது, எழுத்தின் வளைவுக்குள்ளும் நுழையும். முனை மழுங்கினால் மறுபடி சீவலாம், பத்துக் குச்சி போதும். சத்தே கடையில் சும்மாவே கொடுப்பார்கள், ஆனால் சாப்பிடாமல் கேட்க வெட்கமாக இருக்கும்.

காகித லேபிளுக்கு இந்தக் குச்சி மட்டும்தான், அதுவும் ஈரமில்லாமல். பெயின்ட் செதிலாக நிற்கும் இடத்தை மட்டும் கிளப்பிவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிடுவது மேல்.

டப்பாவில் வரும் பெயின்ட் ரிமூவரில் இரண்டு ரகம். டைகுளோரோமீத்தேன் ரகம் கண் முன்னாலேயே கொப்புளம் எழுப்பும், ஆனால் மூச்சு வழியே உள்ளே போனால் உடம்பில் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் 2019-லேயே வீட்டு உபயோக ரிமூவர்களில் இதற்குத் தடை போட்டுவிட்டார்கள். காரம் கலந்த ரகமோ அலுமினியத்தையே தின்னும். இரண்டும் தகட்டுக்கு வேண்டாம். ஹீட் கன்னும் உப்புத்தாளும் வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், புகையும் தூசியும் நுரையீரலுக்குப் போகும். லேசரால் பெயின்ட் எடுக்கும் வீடியோக்கள் பார்க்க அழகுதான், ஆனால் கருப்பு நிறம் ஒளியை நன்றாக உறிஞ்சும், எனவே மேல் பெயின்டோடு அடிக் கருப்பும் ஆவியாகும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாக ஒரு நகல் தகடு செய்து மாட்டலாமே என்பார்கள். கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டி என்றால் சரி. எண் குத்திய புதுத் தகடும் புது ரிவெட்டும் சோதனைக்காரர் கண்ணில் பட்டால் நீங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பழைய ரிவெட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள், தகடு இருந்த இடத்திலேயே வேலை நடக்கட்டும்.

எங்களுக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது. முடிந்ததும் மேலே கிளியர் லேக்கர் அடிக்கவில்லை, வெளியே மழை. ஈரக் காற்றில் லேக்கர் பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். மெழுகு பாலிஷ் மட்டும் தடவினேன். வலது ஓரத்தில் நகக்கண் அளவு பச்சையை எடுக்காமல் விட்டேன், அங்கே கருப்பு மையும் கூடவே கிளம்பப் பார்த்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். எண்ணைப் பார்ப்பார் என்று நினைத்தேன். விரலை அந்தப் பச்சையில் வைத்தார்.

"இது நான் அடிச்சதுடா," என்றார்.