கொழிஞ்சாம்பாறை மெடிக்கல்ஸ்: மாத்திரை கேட்டா மாத்திரை தர்ற கடை (5க்கு 4)

கடைப் பேரை வேணும்னேதான் போடல, அங்க உக்காந்திருக்கற சேச்சிக்கு என்னால தொல்லை வரக்கூடாது. கேரளா பார்டர்ல இருக்கற கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்ட் பக்கம் தமிழ்ல பேசுற பார்மசிஸ்ட் லேடி எங்க இருக்காங்கன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க.

விஷயம் ஐ-பில், சேர்ந்ததுக்கு அப்புறம் கரு தங்காம இருக்கப் போடற அவசர மாத்திரை. எங்க சித்தி பொண்ணு பொள்ளாச்சியில இருக்கா, கைக்குழந்தைக்காரி. காண்டம் கிழிஞ்சிருச்சுன்னு காலைல போன் பண்றா. அவ வீட்டுக்காரர் டவுன்ல கடை கடையா ஏறி இறங்கிட்டாரு. ஒரு கடையில "அதெல்லாம் வைக்கறதில்லைங்க", இன்னொண்ணுல "டாக்டர் சீட்டு இருக்குங்களா", இன்னொரு கடைக்காரர் கருவைக் கலைக்கறது பாவம்னு அட்வைஸே பண்ணிட்டாரு. இத்தனைக்கும் சீட்டு இல்லாமயே விக்கலாம்னு 2005லயே மத்திய அரசு விட்ட மாத்திரை இது. விக்கக்கூடாதுன்னு ஆர்டர் இருக்குன்னு சொல்றவங்க உண்டு, அந்த ஆர்டரை ஒரு கடைக்காரரும் எடுத்துக் காட்டுனதில்ல. ஆம்பளைங்க வீரிய மாத்திரை மட்டும் சீட்டே இல்லாம கவர்ல போட்டு வருது, அதுக்கு பாவம் புண்ணியம் கிடையாதாட்டருக்கு.

கடைசில ரெண்டு பேரும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டாங்க, நானும் கூடப் போனேன். சேச்சி முகத்துல ஒரு மாத்தமும் இல்ல, இருமல் மருந்து கேட்ட மாதிரிதான். தாலி இருக்கான்னு கழுத்தைப் பாக்கல. கேட்டதெல்லாம் தேவையான கேள்வி. எத்தனை மணி நேரம் ஆச்சு, கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனீங்க, ஃபிட்ஸுக்கோ டிபிக்கோ மாத்திரை சாப்பிடறீங்களா (அந்த மாத்திரைங்க சிலது இதோட வேலையைக் குறைச்சிருமாம்). 72 மணி நேரத்துக்குள்ள போடணும், ஆனா அதுக்காக மூணாவது நாள் வரைக்கும் வெச்சிருக்காதீங்க, சீக்கிரம் போட்டாத்தான் பலன் ஜாஸ்தின்னாங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா திரும்ப ஒண்ணு போடணும், தாய்ப்பால் குடுக்கலாம், நாள் தள்ளி ஒரு வாரம் தாண்டிட்டா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். நூத்துச் சொச்சம் ரூபா, பில்லும் குடுத்தாங்க.

பாவம்னு சொன்ன கடைக்காரர் கதையைச் சொன்னதும் சேச்சி சிரிச்சுட்டாங்க. இது கலைக்கற மாத்திரையே இல்லையாம், முட்டை வெளிய வர்றதைத் தள்ளிப் போடறதுதான் இதோட வேலை. ஏற்கனவே கரு தங்கியிருந்தா இது ஒண்ணும் பண்ணாது, கலைக்கவும் கலைக்காது.

அதுக்காக கேட்டதெல்லாம் தூக்கிக் குடுக்கற கடைன்னு நினைச்சுராதீங்க. நாங்க நிக்கும்போதே ஒருத்தர் வந்து மெதுவா எம்டிபி கிட் கேட்டாரு. சேச்சி முடியவே முடியாதுன்னுட்டாங்க. அது நிஜமாவே கலைக்கற மருந்து, டாக்டர் பாக்காம போட்டு கரு குழாயில தங்கியிருந்தா உள்ளயே ரத்தம் கசிஞ்சு உயிருக்கு ஆபத்து, கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்கன்னு அவரை அனுப்பி வெச்சாங்க. ஒண்ணைக் குடுத்து இன்னொண்ணை மறுக்கத் தெரியுது பாருங்க, எனக்கு இந்தக் கடை புடிச்சதே அதனாலதான்.

எங்க வீட்டுக்காரர் இதுல வேற கட்சி. கடைக்காரருக்கு மனசு ஒப்பலைன்னா விக்க வேண்டாமே, அவர் கடை அவர் இஷ்டம்ங்கறாரு. நான் கேக்கறது, ஊருக்குள்ள ஒருத்தர் மறுத்தா அடுத்த கடைக்குப் போலாம், வரிசையா எல்லாரும் மறுத்தா? மணி ஓடிட்டே இருக்கற மருந்துங்க இது, நாளைக்கு வாங்கன்னாலே மறுத்த மாதிரிதான். கார் இருந்ததால இவங்க வந்துட்டாங்க. மில்லு ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணு செக்போஸ்ட் தாண்டி எப்படி வருவா? அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல, டீ குடிக்கப் போயிட்டாரு.

இதையே மாசாமாசம் போட்டுட்டு இருக்காதீங்கன்னும் சேச்சி சொல்லி அனுப்புனாங்க. காப்பர் டி அஞ்சு நாளைக்குள்ள போட்டா இந்த மாத்திரையை விட நல்லா தடுக்குமாம், அப்புறம் பத்து வருசம் கவலையில்ல. ஊசி வேண்டாம் ஹார்மோன் வேண்டாம்ங்கறவங்களுக்கு சாயான்னு ஒரு கருத்தடை மாத்திரை இருக்கு, லக்னோவுல இருக்கற சிடிஆர்ஐங்கற மத்திய அரசு மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபுடிச்சது, சஹேலின்னு 1991ல வந்த அதே மாத்திரை. முதல் மூணு மாசம் வாரம் ரெண்டு, அப்புறம் வாரம் ஒண்ணு. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரில ஃப்ரீயாவே கிடைக்கும்போது இங்க எதுக்கு காசு குடுக்கறீங்கன்னு கேக்கற மெடிக்கல்ஸை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, கவுண்டர் ரோட்டைப் பாத்தாப்ல இருக்கு, பஸ்ஸுக்கு நிக்கறவங்க காதுல எல்லாம் விழும். ஓரமா ஒரு ஸ்கிரீன் போட்டா போதும், சொல்லியும் பாத்தேன், ஓனர் கேக்கலைன்னாங்க. இன்னொண்ணு, சாயங்காலம் சேச்சி போனதுக்கப்புறம் ஒரு பையன்தான் நிப்பான், அவன் மாத்திரையை மட்டும் எடுத்து நீட்டுவான், விவரம் ஒண்ணும் சொல்லத் தெரியாது. ஞாயித்துக்கிழமை மத்தியானத்தோட பூட்டிருவாங்க, பொள்ளாச்சில இருந்து கிளம்பறவங்க நேரம் பாத்துட்டு கிளம்புங்க.